தீத்தெளிப்பான் பொருத்துநர் தொழிற்பழகுநர் பயிற்சி

தீத்தெளிப்பான் பொருத்துநர் தொழிற்பழகுநர் பயிற்சி என்பது, கட்டடங்களில் தானாக இயங்கித் தீயை அடக்கும் நீர்த்தெளிப்பான் குழாய் அமைப்புகளை நிறுவவும் பேணவும் தேவையான திறனை, வேலை நடக்கும் இடத்திலேயே கற்பிக்கும் பயிற்சி முறை ஆகும். இப்பயிற்சி பெரும்பாலும் இரண்டு படிகளைக் கொண்டது. முதலாவது, பள்ளியிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ இளம் வயதில் பெறும் அடிப்படைப் பயிற்சி. இரண்டாவது, ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து, அதை அரசிடம் பதிவு செய்து பெறும் தொழிற்பழகுநர் பயிற்சி. இந்தியாவில் இரண்டாவது படியைத் தொழிற்பழகுநர் சட்டம், 1961 நெறிப்படுத்துகிறது.

முதற்படியை முடித்த ஒருவர் தானாகவே இரண்டாம் படிக்குச் சென்றுவிடுவதில்லை. அதற்கு உரிய வயது, கல்விச் சான்று, ஏற்றுக்கொள்ளும் நிறுவனம், பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் ஆகிய நான்கும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும், பல ஆண்டுகள் சாரத்தின் மீது நின்று வேலை செய்தவரும் ஆவணங்களில் பயிற்சி பெறாத உதவியாளராகவே கருதப்படுவார். இக்கட்டுரை தமிழ்நாட்டில், குறிப்பாகத் திருவண்ணாமலை மாவட்டச் சூழலில், இம்மாற்றம் நிகழும் முறையை விளக்குகிறது.

சொற்பயன்பாடு

ஆங்கிலத்தில் அப்ரண்டிஸ் என வழங்கும் சொல்லுக்குத் தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் தொழிற்பழகுநர் என்னும் சொல் பயன்படுத்தப்படுகிறது. தொழில் பயிலுநர் என்றும் எழுதுவதுண்டு. பேச்சு வழக்கில் அப்ரண்டிஸ் என்பதே பெருவழக்கு. ஒப்பந்தம் ஏதுமின்றி வேலை கற்கும் இளைஞர் கையாள் அல்லது ஹெல்பர் எனப்படுகிறார். தொழிற்பயிற்சி நிலையம் பொதுமக்களிடையே ஐ.டி.ஐ என்றே அறியப்படுகிறது. தீத்தெளிப்பான் என்பதற்கு ஸ்பிரிங்க்ளர் என்னும் சொல்லே தொழிலாளர்களிடையே வழங்குகிறது. வயலுக்கும் தோட்டத்துக்கும் நீர் பாய்ச்சும் தெளிப்பான் வேறு, இது வேறு.

தெளிப்பான் அமைப்பு

தானியங்கித் தெளிப்பான் அமைப்பில் நீர்த்தொட்டி, எக்கி அறை, நிலைக்குழாய், கிளைக்குழாய்கள், தெளிப்பான் தலைகள் ஆகியன முதன்மை உறுப்புகள் ஆகும். எக்கி அறையில் பொதுவாக மூன்று வகை எக்கிகள் இருக்கும். குழாயின் அழுத்தம் சிறிது குறையும்போது அதை ஈடு செய்வது ஜாக்கி எக்கி. தீ ஏற்படும்போது பெருமளவு நீரைத் தருவது முதன்மை எக்கி. மின்சாரம் நின்றுபோனால் இயங்குவது டீசல் எக்கி.

தெளிப்பான் தலையின் வாயை ஒரு சிறு மூடி அடைத்திருக்கும். அம்மூடியை நீர்மம் நிரப்பிய கண்ணாடிக் குமிழ் தாங்கி நிற்கும். தீயின் வெப்பத்தால் நீர்மம் விரிந்து குமிழ் உடையும்போது, மூடி விலகி நீர் பீறிட்டு வெளிவரும். கீழேயுள்ள தகடு அந்நீரைக் குடை போல விரித்துத் தெளிக்கும். குமிழின் நிறம் அது உடையும் வெப்பநிலையைக் காட்டுகிறது.

- செம்மஞ்சள்: 57 பாகை செல்சியஸ்
- சிவப்பு: 68 பாகை செல்சியஸ்
- மஞ்சள்: 79 பாகை செல்சியஸ்
- பச்சை: 93 பாகை செல்சியஸ்
- நீலம்: 141 பாகை செல்சியஸ்

திரைப்படங்களில் காட்டப்படுவது போல எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. வெப்பம் எட்டிய தலைகள் மட்டுமே திறக்கும். எல்லாத் தலைகளும் ஒருசேரத் தெளிக்கும் வெள்ள வகை அமைப்பு தனியானது. அது மின்மாற்றி, எரிபொருள் கிடங்கு போன்ற இடங்களில் பயன்படுகிறது.

நடைமுறைக்கு உகந்த முதல் தானியங்கித் தெளிப்பானுக்கு அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரைச் சேர்ந்த என்றி பார்மலி 1874 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். தமது பியானோ தொழிற்சாலையைத் தீயிலிருந்து காப்பதே அவரது நோக்கமாக இருந்தது. பின்னர் பிரெடெரிக் கிரினெல் அதனை மேம்படுத்தினார். இந்தியாவில் இவ்வமைப்புகளின் வடிவமைப்புக்கும் நிறுவலுக்கும் இந்தியத் தர நிறுவனத்தின் 15105 ஆம் எண் தரம் 2002 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. எந்தெந்தக் கட்டடங்களுக்குத் தெளிப்பான் வேண்டும் என்பதை 2016 ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதி, கட்டடத்தின் பயன்பாடு, உயரம், பரப்பு ஆகியவற்றைக் கொண்டு வகுத்துள்ளது.

பொருத்துநரின் பணி

பொருத்துநர் வரைபடத்தைப் படித்துக் குழாயை அளந்து வெட்டுகிறார். மரை வெட்டியோ, பள்ளமிட்டுக் கப்ளிங் பூட்டியோ, பற்றவைத்தோ குழாய்களை இணைக்கிறார். கூரையில் தாங்கிகளை அமைத்து, ரசமட்டம் கொண்டு சாய்வைச் சரிபார்த்து, குழாயை ஏற்றுகிறார். தெளிப்பான் தலைகளைப் பூட்டுவது கடைசிக் கட்டம். குழாய்களை நீரால் அலசி, அழுத்தச் சோதனை செய்து, குழாய்க்குச் சிவப்பு வண்ணம் பூசிய பின்னர் அமைப்பு ஒப்படைக்கப்படுகிறது.

இத்தொழிலில் செய்த பிழை உடனே வெளிப்படாது என்பது குறிப்பிடத்தக்கது. வீட்டுக் குழாயில் பிழை இருந்தால் அன்றே தண்ணீர் வராது. தெளிப்பான் குழாயிலோ பல ஆண்டுகள் கழித்து, தீ மூண்ட பின்னரே பிழை தெரியும். பழகுநர் தவிர்க்கக் கற்க வேண்டிய பிழைகளுள் சில பின்வருமாறு:

- மரை வெட்டியபின் உட்புறப் பிசிறைச் சீவாமல் விடுதல். குழாயில் தங்கும் இரும்புச் சீவல்கள் தெளிப்பான் வாயை அடைத்துவிடும்.
- தெளிப்பான் தலையை அதற்குரிய திறவியால் பூட்டாமல் பைப் ரென்ச்சால் முறுக்குதல். இதனால் சட்டம் வளைந்து குமிழில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஏற்படலாம்.
- தலையின் மீது வண்ணம் படவிடுதல். வண்ணப் பூச்சு வெப்பம் குமிழை எட்டுவதைத் தாமதப்படுத்தும். வண்ணம் பட்ட தலையைத் துடைத்துப் பயன்படுத்தலாகாது, மாற்றவே வேண்டும்.
- தலைக்குக் கீழே அலமாரியோ பொருள் அடுக்கோ நெருங்கி வரும் இடத்தில் பொருத்துதல். தகட்டுக்குக் கீழே சுமார் அரை மீட்டர் இடைவெளி இல்லாவிடில் நீர் விரிந்து பரவாது.
- சமையலறை, கொதிகலன் அறை போன்ற வெப்பமான இடங்களில் குறைந்த வெப்பநிலைக் குமிழைப் பொருத்துதல். தீ இல்லாமலே அது உடைந்து நீர் கொட்டும்.

இவற்றை ஒரு நூலில் படித்துவிடலாம். எனினும் குழாயின் எடையையும் மரை இறுகும் அளவையும் கையால்தான் உணர வேண்டும். எனவே இத்தொழில் உலகெங்கும் தேர்ந்த பொருத்துநர் ஒருவருக்குக் கீழ் பழகுநராக இருந்தே கற்கப்படுகிறது.

வரலாறு

இந்தியாவில் தொழிற்பழகுநர் பற்றிய முதல் சட்டம் 1850 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அனாதைக் குழந்தைகளும் ஏழைக் குழந்தைகளும் ஒரு தொழிலைக் கற்றுப் பிழைக்க வழி செய்வது அதன் நோக்கம். 10 வயது முதல் 18 வயது வரையுள்ளோரை ஒரு முதலாளியிடம் ஒப்பந்த முறையில் ஒப்படைக்க அது இடமளித்தது. பயிற்சியின் தரம், தேர்வு, சான்றிதழ் ஆகியவற்றை முறைப்படுத்தும் நோக்கம் அதற்கு இருக்கவில்லை.

விடுதலைக்குப் பின் 1950 ஆம் ஆண்டில் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டு, ஐ.டி.ஐ-கள் நிறுவப்பட்டன. ஐ.டி.ஐ-யில் கற்ற மாணவர்க்குத் தொழிற்சாலையின் உண்மையான வேலைச் சூழலில் பயிற்சி தேவைப்பட்டது. இத்தேவையை நிறைவு செய்யும் பொருட்டுத் தொழிற்பழகுநர் சட்டம் 1961 ஆம் ஆண்டு டிசம்பரில் இயற்றப்பட்டு, 1962 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1850 ஆம் ஆண்டுச் சட்டம் இதனால் நீக்கப்பட்டது.

பின்னர் இச்சட்டம் பலமுறை திருத்தப்பட்டது. 1973 ஆம் ஆண்டுத் திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயம் பெற்றோரையும் உட்படுத்தியது. 1986 ஆம் ஆண்டுத் திருத்தம் மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பாடப்பிரிவு படித்தோரைச் சேர்த்தது. இதன்மூலம் பள்ளித் தொழிற்கல்விக்கும் பதிவு பெற்ற பயிற்சிக்கும் இடையே சட்டவழிப் பாலம் ஒன்று ஏற்பட்டது.

2014 ஆம் ஆண்டுத் திருத்தம் விருப்பத் தொழில் என்னும் வகையை உருவாக்கியது. அதுவரை அரசு குறித்த தொழில்களில் மட்டுமே பழகுநரைச் சேர்க்க முடிந்தது. இத்திருத்தத்தின்பின் ஒரு நிறுவனம் தனக்குத் தேவையான தொழிலுக்குத் தானே பாடத்திட்டம் வகுத்துப் பழகுநரைப் பதிவு செய்யலாம். பயிற்சிக் காலம் 6 மாதங்களுக்குக் குறையாமலும் 36 மாதங்களுக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். ஐ.டி.ஐ-களில் தெளிப்பான் பொருத்துதல் தனிப் பிரிவாகப் பரவலாகக் கற்பிக்கப்படாத நிலையில், தீத்தடுப்புப் பணி செய்யும் நிறுவனங்களுக்கு இவ்வகை பயனுடையது.

முதற்படி: இளையோர் பயிற்சி

தமிழ்நாட்டில் பதிவு பெற்ற பயிற்சிக்கு முந்தைய அடிப்படைப் பயிற்சியை இரண்டு வழிகளில் பெறலாம்.

முதல் வழி மேல்நிலைப் பள்ளித் தொழிற்கல்வி. 1978 ஆம் ஆண்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டபோதே தொழிற்கல்விப் பாடப்பிரிவும் அதில் இடம்பெற்றது. இப்பிரிவில் தேறியவர்கள் தொழில்நுட்பத் தொழிற்கல்விப் பழகுநராகச் சேரத் தகுதி பெறுகின்றனர். தென்மாநிலங்களில் இவ்வகைப் பயிற்சியைச் சென்னை தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் ஒருங்கிணைக்கிறது.

இரண்டாவது வழி ஐ.டி.ஐ. இங்குச் சேரக் குறைந்த வயது 14. பிளம்பர் பிரிவு ஓராண்டுப் பயிற்சி. எட்டாம் வகுப்புத் தேறியவர்கள் சேரலாம். பிட்டர் பிரிவு ஈராண்டுப் பயிற்சி. இதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். தெளிப்பான் வேலைக்கு வருவோர் பெரும்பாலும் பிளம்பர், பிட்டர், வெல்டர் ஆகிய பிரிவுகளிலிருந்தே வருகின்றனர். பயிற்சி முடிவில் அகில இந்தியத் தொழில்தேர்வில் தேறுவோருக்குத் தேசியத் தொழிற்சான்றிதழ் வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ மாணவர்களுக்கு மாதந்தோறும் 750 ரூபாய் உதவித்தொகையும், மிதிவண்டி, சீருடை, பாடநூல், பேருந்து அட்டை ஆகியவையும் வழங்கப்படுகின்றன. ஆயினும் தேசியத் தொழிற்சான்றிதழ் ஐ.டி.ஐ-யில் கற்றதற்கான சான்று மட்டுமே. நிறுவனத்தில் பழகியதற்கான சான்று தனியே பெறப்பட வேண்டும்.

இரண்டாம் படி: பதிவு பெற்ற பயிற்சிக்கு மாறுதல்

வயது

சட்டப்படி தொழிற்பழகுநர் ஆவதற்குக் குறைந்த வயது 14. ஆனால் இடர் மிகுந்த தொழிலகங்கள் சார்ந்த தொழில்களுக்கு 18 வயது நிறைந்திருத்தல் வேண்டும். தெளிப்பான் பொருத்துநர் உயரமான சாரத்தில் நின்று, தலைக்கு மேலே எடை மிகுந்த குழாயைத் தாங்கி வேலை செய்பவர். எனவே 18 வயதுக்குட்பட்டோரைப் பணிமனை வேலையிலும் அடிப்படைப் பயிற்சியிலும் வைத்துப் பழக்கி, பின்னர் கட்டுமான இடத்துக்கு அனுப்புவது பாதுகாப்பான முறை ஆகும்.

நிறுவனம்

2019 ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள் பழகுநரைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். நான்கு முதல் 29 வரை பணியாளர் உள்ள நிறுவனங்கள் விரும்பினால் சேர்க்கலாம். சேர்க்கும் எண்ணிக்கை மொத்தப் பணியாளரில் 2.5 விழுக்காடு முதல் 15 விழுக்காடு வரை அமையும். ஒப்பந்தப் பணியாளரும் இக்கணக்கில் சேர்க்கப்படுவர்.

ஒப்பந்தமும் பதிவும்

பழகுநரும் நிறுவனமும் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்ய வேண்டும். பழகுநர் 18 வயது நிறையாதவராயின் பெற்றோரோ காப்பாளரோ அவர் சார்பில் கையொப்பமிடுவர். நிறுவனம் ஒப்பந்த விவரங்களை ஏழு நாட்களுக்குள் அரசின் இணையவாயிலில் பதிய வேண்டும். தொழிற்பழகுநர் ஆலோசகர் அதனைச் சரிபார்த்து 30 நாட்களுக்குள் பதிவு செய்வார். பயிற்சிக் காலத்தில் சேர்ந்தவரைப் பழகுநர் என அடையாளப்படுத்துவது இப்பதிவே. முதலாளியின் வாய்மொழி உறுதியோ, வருகைப் பதிவேட்டில் உள்ள பெயரோ இதற்கு ஈடாகாது.

முன்பயிற்சிக்கான சலுகை

ஏதும் படிக்காமல் நேரடியாகச் சேரும் புதியவர் முதலில் அடிப்படைப் பயிற்சியையும், பின்னர் பணியிடப் பயிற்சியையும் முடிக்க வேண்டும். அதே தொழிலில் ஐ.டி.ஐ சான்று பெற்றவருக்கு அடிப்படைப் பயிற்சியிலிருந்து விலக்கு உண்டு. எனவே அவரது பயிற்சிக் காலம் குறைகிறது. முதற்படியின் பலன் இங்குத்தான் கணக்கில் கொள்ளப்படுகிறது. மாறாக, பதிவின்றிக் கையாளாகக் கழித்த ஆண்டுகளுக்கு இத்தகைய கழிவு இல்லை.

தேர்வும் சான்றிதழும்

அரசு குறித்த தொழில்களில் பயிற்சி முடித்தோர் அகில இந்தியத் தொழில்தேர்வை எழுதுகின்றனர். தேறியோருக்குத் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் வழங்கப்படுகிறது.

இரு வழிகளின் ஒப்பீடு

எடுத்துக்காட்டாக, எட்டாம் வகுப்புத் தேறிய இருவரைக் கருதலாம். முதலாமவர் 15 வயதில் ஐ.டி.ஐ பிளம்பர் பிரிவில் சேர்ந்து 16 வயதில் சான்று பெறுகிறார். பணிமனை வேலையில் பட்டறிவு பெற்று, 18 வயதில் ஒரு தீத்தடுப்பு நிறுவனத்தில் பழகுநராகப் பதிகிறார். ஓராண்டுப் பயிற்சி எனக் கொண்டால், 19 வயதில் இரண்டு சான்றிதழ்கள் அவர் கையில் இருக்கும்.

இரண்டாமவர் 15 வயதிலேயே உறவினர் ஒருவருடன் வேலைக்குச் செல்கிறார். தொடக்கத்தில் முதலாமவரைவிடக் கூடுதலாகப் பணம் பெறுகிறார். 19 வயதில் அவரது கைத்திறன் முதலாமவருக்குச் சமமாகவோ மேலாகவோகூட இருக்கலாம். ஆனால் பெரிய நிறுவனமோ வெளிநாட்டு ஒப்பந்ததாரரோ சான்று கேட்கும்போது காட்டுவதற்கு அவரிடம் ஏதுமில்லை. பணியிடத்தில் அடிபட்டால், அங்கு வேலை செய்தார் என்பதை மெய்ப்பிப்பதே அவருக்குக் கடினமாகிவிடும்.

உதவித்தொகை

2019 ஆம் ஆண்டு விதிகள் பழகுநருக்கான குறைந்தபட்ச மாத உதவித்தொகையைக் கல்வித் தகுதிக்கேற்ப நிறுவின.

- ஐந்தாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தோர்: 5,000 ரூபாய்
- பத்தாம் வகுப்புத் தேறியோர்: 6,000 ரூபாய்
- பன்னிரண்டாம் வகுப்புத் தேறியோர்: 7,000 ரூபாய்
- ஐ.டி.ஐ சான்று பெற்றோர், தொழிற்கல்விப் பிரிவில் தேறியோர்: 7,000 ரூபாய்
- பட்டயம் பெற்றோர்: 8,000 ரூபாய்
- பட்டதாரிகள்: 9,000 ரூபாய்

பயிற்சி ஓராண்டுக்கு மேல் நீண்டால் இரண்டாம் ஆண்டில் 10 விழுக்காடும் மூன்றாம் ஆண்டில் 15 விழுக்காடும் உயர்வு அளிக்க அவ்விதிகள் வகை செய்தன. 2025 மே மாதத்தில் நடைபெற்ற மத்திய தொழிற்பழகுநர் குழுவின் கூட்டம், இத்தொகைகளை 36 விழுக்காடு உயர்த்தப் பரிந்துரைத்தது.

2016 ஆகஸ்டு 19 அன்று தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. இதன்படி குறைந்தபட்ச உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், நடுவண் அரசு ஏற்கிறது. 5,000 ரூபாய் பெறும் ஒருவருக்கு அரசின் பங்கு 1,250 ரூபாய். 7,000 ரூபாய் பெறுபவருக்குக் கணக்குப்படி 1,750 ரூபாய் வரினும், உச்ச வரம்பின்படி 1,500 ரூபாயே அரசின் பங்காகும். 2023 முதல் இப்பங்கு பழகுநரின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்படும் முறை கொண்டுவரப்பட்டது.

உரிமைகளும் கடமைகளும்

சட்டத்தின் 18 ஆம் பிரிவின்படி பழகுநர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளர் அல்லர். எனவே தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவருக்குப் பொருந்தா. எனினும் உடல்நலம், பாதுகாப்பு, நலன் ஆகியவை தொடர்பாகத் தொழிலாளருக்குரிய காப்பு அவருக்கும் உண்டு. பயிற்சியின்போது ஏற்படும் காயத்துக்கு நிறுவனம் இழப்பீடு வழங்கக் கடமைப்பட்டது. ஆலோசகரின் ஒப்புதல் இல்லாமல் அவரை மிகைநேரம் வேலை செய்ய வைக்கலாகாது.

கற்றுக்கொள்ளும் ஆர்வத்துடன் முறையாக வருதல், கோட்பாட்டு வகுப்புகளில் பங்கேற்றல், சட்டத்துக்கு உட்பட்ட ஆணைகளை ஏற்று நடத்தல் ஆகியன பழகுநரின் கடமைகள்.

பயிற்சி முடிந்ததும் வேலை தரும் கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. ஒப்பந்தத்திலேயே அவ்வாறு குறிப்பிட்டிருந்தால் மட்டும் அது கட்டாயமாகும். இது குறித்து உத்தரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. பிற தகுதிகள் சமமாக இருக்குமிடத்து, நேரடியாக வருவோரைவிடப் பயிற்சி பெற்ற பழகுநருக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று அத்தீர்ப்பு கூறியது. முன்னுரிமை வேறு, வேலை உறுதி வேறு என்பதை ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் அறிந்திருத்தல் நன்று.

திருவண்ணாமலையில்

திருவண்ணாமலை மாவட்டம் 1989 செப்டம்பர் 30 அன்று வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. மாவட்டத் தலைநகரான திருவண்ணாமலை 2024 ஆம் ஆண்டில் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. அருணாசலேசுவரர் கோயிலும், 2,668 அடி உயரமுள்ள மலையும், அதனைச் சுற்றியுள்ள சுமார் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் இந்நகரின் அடையாளங்கள். கார்த்திகைத் தீபத் திருநாளில் மலையுச்சியில் தீபம் ஏற்றப்படும்போதும், ஒவ்வொரு முழுநிலவு நாளிலும் பெருந்திரளான மக்கள் இங்குக் கூடுகின்றனர்.

இம்மக்கள் தங்கும் விடுதிகள், திருமண மண்டபங்கள், வணிக வளாகங்கள் ஆகியவற்றில் தீத்தடுப்பு ஏற்பாடுகள் இன்றியமையாதன. பழைமையான கல் மண்டபங்களில் துளையிட்டுக் குழாய் பதிப்பது எளிதன்று. ஆகவே தெளிப்பான் பொருத்துநரின் வேலை, கோயிலைச் சூழ்ந்த புதிய கட்டடங்களிலேயே பெரிதும் அமைகிறது. மாவட்டத்தின் மற்றொரு பகுதியான செய்யாற்றில் சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது. அங்குக் காலணித் தொழில் குறிப்பிடத்தக்கது. தோல், பசை, நுரைப்பொருள் ஆகியன எளிதில் தீப்பற்றுபவை என்பதால் இத்தகைய ஆலைகளில் தெளிப்பான் அமைப்பு முதன்மை பெறுகிறது.

திருவண்ணாமலையிலும், சவ்வாது மலைப் பகுதியில் உள்ள சமுனாமரத்தூரிலும் அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்கள் இயங்குகின்றன. ஒவ்வொரு நிலையத்திலும் உள்ள தொழிற்பிரிவுகள் வேறுபடும். பழகுநர் பதிவு தொடர்பான வழிகாட்டலை மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம் வழங்குகிறது. நிறுவனங்களையும் இளைஞரையும் ஓரிடத்தில் சந்திக்க வைக்கும் தொழிற்பழகுநர் சேர்க்கை முகாம்களும் நடத்தப்படுகின்றன. முகாமுக்குச் செல்வோர் கல்விச் சான்று, தேசியத் தொழிற்சான்றிதழ், ஆதார் அட்டை, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை உடன் கொண்டு செல்வது வழக்கம்.

தீ விபத்துகளும் பயிற்சியின் தேவையும்

தமிழ்நாட்டில் நிகழ்ந்த சில பெருந்தீ விபத்துகள் தீப்பாதுகாப்பு பற்றிய பொதுமக்களின் பார்வையை மாற்றின. 1997 சூன் மாதத்தில் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது வேள்விப் பந்தலில் மூண்ட தீயில் 40 பேருக்கு மேல் இறந்தனர். 2004 சனவரியில் திருவரங்கத்தில் திருமண மண்டபம் ஒன்றில் தீப்பற்றியதில் மணமகன் உட்பட 50 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அதே ஆண்டு சூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளி ஒன்றில் ஏற்பட்ட தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். இவற்றில் தீ பரவக் கீற்றுப் பந்தலும் கீற்றுக் கூரையும் முதன்மைக் காரணமாக இருந்தன.

2017 மே மாத இறுதியில் சென்னை தியாகராய நகரில் பல மாடித் துணிக்கடைக் கட்டடம் ஒன்று தீப்பற்றி இடிந்தது. 2018 பிப்ரவரி 2 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வீர வசந்தராயர் மண்டபம் தீயால் சேதமடைந்தது. கீற்றுக் கூரையை அகற்றுவதற்கு ஓர் ஆணை போதும். பல மாடிக் கட்டடத்தின் தெளிப்பான் அமைப்பு முறையாக இயங்குவதற்கோ பயிற்சி பெற்ற கைகள் வேண்டும்.

பிற நாடுகளில்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1911 ஆம் ஆண்டிலேயே பதிவு பெற்ற தொழிற்பழகுநர் பயிற்சிக்குச் சட்டம் இயற்றியது. நாடு தழுவிய சட்டம் 1937 ஆம் ஆண்டில் வந்தது. அதே விஸ்கான்சின் 1991 ஆம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கான இளையோர் தொழிற்பழகுநர் திட்டத்தை உருவாக்கியது. இதில் ஓராண்டுப் பயிற்சி பெறும் மாணவர் பள்ளிப் பாடத்துடன் 450 மணிநேரமும், ஈராண்டுப் பயிற்சி பெறுபவர் 900 மணிநேரமும் ஊதியத்துடன் பணியாற்ற வேண்டும். பின்னர் பதிவு பெற்ற பயிற்சிக்கு மாறும்போது, முன்பயிற்சிக்கு உரிய கழிவு வழங்கப்பட வாய்ப்புண்டு. அந்நாட்டில் தெளிப்பான் பொருத்துநர் தனித் தொழிலாக ஏற்கப்பட்டுள்ளார். பயிற்சி பொதுவாக ஐந்து ஆண்டுகள் நீடிக்கிறது.

இலங்கையில் 1971 ஆம் ஆண்டில் தேசியத் தொழிற்பயிலுநர் சபைக்கான சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் அதன் பணிகளைத் தேசியத் தொழிற்பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை ஏற்றது.

விமர்சனங்கள்

பதிவு பெற்ற பயிற்சி முறை குறித்துச் சில குறைகள் சுட்டப்படுகின்றன. உதவித்தொகை குறைவு என்பது முதன்மையானது. திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்கோ ஓசூருக்கோ சென்று தங்கிப் பயிலும் ஒருவருக்கு வாடகையும் உணவும் போக அதில் மிஞ்சுவது சொற்பமே. பதிவின்றிச் செய்யும் நாட்கூலி வேலையில் கூடுதல் வருவாய் கிடைப்பதால், வறிய குடும்பத்து இளைஞர் அவ்வழியை நாடுகின்றனர்.

நிரந்தரத் தொழிலாளர் செய்ய வேண்டிய வேலையைப் பழகுநரைக் கொண்டு குறைந்த செலவில் முடித்துக்கொள்ள இம்முறை இடந்தருகிறது என்பது மற்றொரு விமர்சனம். பழகுநர் தொழிலாளர் அல்லர் என்னும் சட்ட வரையறை இதற்கு வாய்ப்பளிக்கிறது. தெளிப்பான் வேலை பெரும்பாலும் சிறு ஒப்பந்ததாரர்களால் செய்யப்படுவதால், 30 பணியாளர் என்னும் கட்டாய வரம்புக்குள் அவர்கள் வருவதில்லை என்பதும் ஒரு குறையாகும். ஒரு கட்டடத்தின் வேலை சில மாதங்களில் முடிந்துவிடுவதால், ஓராண்டுப் பயிற்சியை ஒரே இடத்தில் நிறைவு செய்வதும் இவர்களிடம் கடினம்.

பயிற்சிக்கு ஆதரவானோர், சான்றிதழின் பயன் உடனே தெரிவதன்று என்கின்றனர். இந்திய இரயில்வே தனது முதல் நிலைப் பணியிடங்களுக்கான நேரடித் தேர்வில் 20 விழுக்காட்டை, இரயில்வே நிறுவனங்களில் பழகுநர் பயிற்சி முடித்தோருக்கு ஒதுக்கியமை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. ஈராண்டு ஐ.டி.ஐ முடித்தோர் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உள்ளது.

இவற்றையும் பார்க்க

- தொழிற்பழகுநர் சட்டம், 1961
- அரசினர் தொழிற்பயிற்சி நிலையம்
- தமிழ்நாடு தீயணைப்பு மீட்புப் பணிகள் துறை
- தேசியக் கட்டட விதித்தொகுப்பு
- கும்பகோணம் பள்ளி தீ விபத்து, 2004
- திருவண்ணாமலை மாவட்டம்